பிடிஎஃப் திருடனுக்கு ஒரு தேள்

எதிர்வீட்டு மைனி ஒருநாள் காலையில் என் கதையை எனக்கே இலவசமாக அனுப்பி வைத்தாள். குழம்பு கொதிக்கிற நேரம். போனில் டிங் என்று ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. கூடவே ஒரு குரல் செய்தி. "ஏட்டி, இதப் படிச்சுப் பாரு, நெஞ்சு அடைச்சிரும். காசு கட்டிப் படிக்க வேண்டிய கதையாம், கள்ளத்தனமா வந்திருக்கு. யாருக்கும் அனுப்பிராத." அடுத்த நிமிஷமே இன்னொன்று. "உன் தங்கச்சிக்கு வேணா அனுப்பு."

திறந்து பார்த்தேன். முதல் வரி எனக்கு மனப்பாடம். இரண்டாவது வரியும் மனப்பாடம். கதாநாயகி கல்யாண மண்டபத்து மாடிப்படியில் மயங்கி விழுகிற இடத்தில் ஒரு காற்புள்ளி கூடுதலாக விழுந்து, அதை எடுக்க மறந்து, ராத்திரி பூரா அதை நினைத்தே புரண்டு படுத்திருந்தேன். அந்தக் காற்புள்ளியும் பத்திரமாக அங்கேயே இருந்தது. குழம்பு பொங்கி அடுப்பு அணைந்தது. எனக்கு முதலில் தோன்றியது, கேஸ் கசியுமோ என்பது. இரண்டாவதாகத்தான், போச்சு, என் பிழைப்பு போச்சு என்று தோன்றியது.

நான் ஒரு செயலியில் தொடர்கதை எழுதுகிறேன். வேறு பெயரில். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள் கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால், கதையைப் படிக்காமல் ஒன்பதாம் வகுப்பைப் பற்றியே பேசுவார்கள். அதற்குப் பயந்துதான் புனைபெயர். புனைபெயர் வைத்த பிறகு, அந்தப் பெயரில் நிஜமாகவே யாராவது இருந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று கொஞ்ச நாள் பயந்தேன். பயப்படுவதில் எனக்குக் குறை வைத்ததே இல்லை.

இதற்கு முன்னால் எல்லாரையும் போலத் தபாலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். கதையோடு தபால்தலை ஒட்டிய கவரையும் வைத்து அனுப்ப வேண்டும். கவர் மட்டும் தவறாமல் திரும்பி வரும். ஒரே ஒரு கதை ஒரு வார இதழில் வந்தது. சன்மானமாக அந்த வார இதழையே அனுப்பினார்கள். அதற்குள் நான் பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து இரண்டு வாங்கிவிட்டிருந்தேன்.

அப்புறம் ஒரு பதிப்பகத்தார் போனில் பேசினார். "நல்லா எழுதுறீங்கம்மா. அச்சுச் செலவை நீங்க குடுத்துட்டா புத்தகமாப் போட்டுரலாம். புத்தகத்தையும் நீங்களே எடுத்துக்கலாம்." செலவும் நான், புத்தகமும் நானே எடுத்துக்கொள்வது என்றால் நடுவில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எங்கள் ஊரில் பிரியாணிக் கடை வாசலில் வரிசை நிற்கும், பூ மார்க்கெட்டில் வரிசை நிற்கும். புத்தகத்துக்கு வரிசை நின்று நான் பார்த்ததில்லை. கழுகுமலை ரோட்டில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இப்படித்தான் செலவு செய்து கவிதைப் புத்தகம் போட்டார். வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தும் தீரவில்லை. பேத்தி சடங்கிலும் அதே புத்தகம். இரண்டுக்கும் போய்வந்த எங்கள் வீட்டில் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றுகூட நாங்கள் வாங்கினது இல்லை.

ஆகவே செயலி வந்ததும் அதில் விழுந்தேன். அச்சு கிடையாது, கவர் கிடையாது, கட்டைவிரலால் அமுக்கினால் கதை வெளியாகிவிடும். சேரும்போது ஒரு நீண்ட ஒப்பந்தம் இங்கிலீஷில் வந்தது. கடைசியில் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் பயம் வந்தது. ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய், "இதுல நான் வீட்டை எழுதிக் குடுத்திருக்கனா பாருங்க" என்றேன். அவர் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "வீட்டைக் கேக்கல. கதைய மட்டுந்தான் கேக்கான்" என்றார்.

செயலியின் வியாபாரம் எளிது. முதல் சில அத்தியாயங்கள் யாரும் சும்மா படிக்கலாம். கதாநாயகி வசமாக மாட்டிக்கொள்கிற இடம் வந்ததும் பூட்டு விழுந்துவிடும். பூட்டைத் திறக்க வாசகர்கள் காசு கொடுத்து நாணயம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற விளம்பரத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். வருகிற காசில் பெரிய பங்கை பெங்களூர் ஆபீஸ் எடுத்துக்கொண்டு மீதியை மாதக் கடைசியில் எனக்கு அனுப்பும். முன்பு எழுத்தாளருக்கு, கதை அச்சாகுமா ஆகாதா என்பதுதான் கவலை. இப்போது அந்தக் கவலை போய், பூட்டு நிற்குமா நிற்காதா என்ற கவலை வந்துவிட்டது. ஒரு மாதம் பூட்டுத் திறப்பவர்கள் குறைந்துபோனால், பூட்டையே கழற்றி, கதையை இலவசப் பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் ஊரே படித்தாலும் பைசா கிடையாது.

பூட்டு நிற்பதற்காக ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாராவது மயங்கி விழ வேண்டும், அல்லது கதவைத் திறந்து "நீயா?" என்று கேட்க வேண்டும். பெங்களூர் ஆபீஸில் என்னைக் கவனித்துக்கொள்கிற பெண் வாரம் ஒருமுறை பேசுவாள். "மேடம், எண்டிங் சாஃப்ட்டா இருக்கு. யாராவது உள்ள வரட்டுமே." வரவைப்பேன். என் கதையில் அந்த வீட்டுக்குள் வந்த ஆட்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தே அந்தக் குடும்பம் நொடித்துப்போயிருக்கும்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், நான் அதற்கு முன்னால் பார்த்த வேலைக்கு மறுபடியும் போகக் கூடாது என்பதற்காகத்தான். தையல் கடையிலிருந்து மூட்டையாகப் பிளவுஸ் வரும். கொக்கி கட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். சாயந்திரத்துக்குள் கண் எரியும், கழுத்து திரும்பாது. கதையில் காசு வர ஆரம்பித்ததும் மூட்டையைப் பாதியாகக் குறைத்தேன். இந்தக் கதை நல்லபடியாக முடிந்தால் முழுசாக விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசி அத்தியாயங்களுக்குத்தான் நாணயம் கொட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆபீஸ் பெண் பேசினாள். "மேடம், உங்க கதைக்கு அன்லாக் ரொம்பக் குறையுது. இந்த மாசக் கடைசில ரிவ்யூ. இப்படியே போனா லாக்கை எடுத்துருவாங்க." அதற்கு மறுநாள்தான் மைனியின் பிடிஎஃப் வந்தது.

அடுப்பைத் துடைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரு மைனி அனுப்புனா இத?"

"திருவேங்கடத்துச் சம்பந்தி அனுப்புனா. அவளுக்கு ஏதோ குரூப்புல வருதாம். தெனம் காலையில சுடச்சுட வருதாம்ட்டி, பால் பாக்கெட் மாதிரி."

"எழுதுனவங்களுக்குப் பாவம் இல்லையா?"

"அவளுக்கென்ன? வீட்ல வேலவெட்டி இல்லாம உக்காந்து எழுதுதா. ஆனா ஒண்ணு, அந்த மாமியார்க்காரிய எழுதிருக்கா பாரு, நேர்ல பாத்த மாதிரி. அப்படியே என் கொழுந்தன் பொண்டாட்டியோட ஆத்தாதான். அவளுக்கும் அனுப்பி வச்சிட்டேன்."

பாராட்டா திட்டா என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினேன். ஆபீஸ் பெண்ணிடம் சொன்னேன். "லிங்க் அனுப்புங்க மேடம், லீகல் டீமுக்குப் போடுறேன்" என்றாள். லிங்க் எங்கே இருக்கிறது? திருவேங்கடத்துச் சம்பந்தியின் இடுப்பில் செருகின போனில் இருக்கிறது. அதற்கு எந்த டீம் வரும்?

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், திருவேங்கடம் ரூட். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டதில்லை. நான் போனும் கையுமாக இருந்தால், "எழுது, எழுது" என்று சொல்லிவிட்டுத் தோசைக் கல்லை அவரே அடுப்பில் வைப்பார், அவ்வளவுதான். இந்தத் திருட்டைச் சொன்னால், "நான் அப்பவே சொன்னேன்" என்பார். அப்போது ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அப்படித்தான் சொல்வார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஆறுதல் என் முதல் வாசகிதான். தினமும் விடியற்காலையில் நான் அத்தியாயத்தை ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஆள் பூட்டைத் திறந்துவிடும். விளம்பரம் பார்த்து அல்ல, காசு கொடுத்து வாங்கின நாணயத்தால். கூடவே ஒரு ரோஜாப்பூவும் பரிசாக வரும், அதற்கும் காசு. பெயர் இருக்காது, 'வாசகர்' என்று ஒரு நம்பர்தான். நான் மனசுக்குள் அவளுக்கு ஒரு வீடே கட்டிக் கொடுத்திருந்தேன். கடையநல்லூரில் மாடி வீடு, வீட்டுக்காரர் துபாயில், பெரிய ஹாலில் தனியாக உட்கார்ந்து என் கதையைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவளுக்குப் பிடிக்கும் என்று கதாநாயகனை நடுவில் ஒருதடவை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தேன்.

திருடனைப் பிடிக்க அந்த பிடிஎஃபை எழுத்து எழுத்தாகப் படித்தேன். யாரோ செயலியில் கதையைத் திறந்து, பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அந்தப் போனின் பேட்டரி தெரிந்தது. எப்போதும் சிவப்பில்தான் இருந்தது. போனுக்குச் சார்ஜ் போடக்கூடத் துப்பில்லாதவன் என் கதையைத் திருடுகிறான் என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

மனுஷரிடம் சொல்லி ஆகாததைக் கோமதி அம்மனிடம் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். வீட்டில் பாம்போ தேளோ கண்ணில் பட்டால், அந்த உருவம் அடித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவோம். அது வந்த வழியே போய்விடும். செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் தகடு விற்கிற அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

"பாம்பா, தேளாம்மா?"

"ரெண்டும் இல்ல. ஆள்."

"ஆள் உருவம் இருக்கே. ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியல அண்ணாச்சி. ஆனா அந்த ஆள் ஒழிஞ்சு போகணும்."

அவர் எடுத்த தகட்டைத் திரும்ப வைத்தார். "ஆள் தகடு, ஆள் நல்லாருக்கணும்னு போடுறதும்மா. ஒழிஞ்சு போறதுக்கெல்லாம் நம்மட்ட சரக்கு கிடையாது."

"போன்ல வர்ற தொந்தரவு."

"போன் தகடு இன்னும் வரல. மதுரையில சொல்லித்தான் அடிக்கணும்." தட்டில் கிடந்த தகடுகளை விரலால் அளைந்தார். "ஒளிஞ்சுகிட்டுக் கொட்டுதா?"

"ஆமா."

"அப்ப தேளே எடுத்துக்கோங்க. வீட்டுக்குள்ள இருக்கா, வெளியவா?"

"அதுதான் தெரியல."

"எங்கன இருந்தாலும் வெளிய வந்துரும், போங்க."

தகட்டைக் கையில் பொத்திக்கொண்டு வேண்டினேன். அம்மா, என் கதையில் கை வைக்கிறவன் எவனா இருந்தாலும் விரட்டி விட்டுரு. அவன் என் வாசப்படிப் பக்கமே வரக் கூடாது. இப்படி ஒரு வார்த்தை விடாமல் தெளிவாகச் சொன்னேன். அம்மனுக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று இரண்டாவது தடவையும் சொல்லி, தேளை உண்டியலில் போட்டேன். டங் என்று சத்தம் கேட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

மறுநாள் காலையிலும் பிடிஎஃப் வந்தது. அம்மனுக்கு ஒருநாள் அவகாசம் வேண்டாமா என்று பொறுமையாகத் திறந்தேன். கதாநாயகன் பேசாமல் நின்று, பேசாமல் நின்று, கடைசியில் கதாநாயகியின் கையைப் பிடிக்கிற இடம். நான் ஒரு வாரம் மெனக்கெட்டு எழுதியது. அந்தக் கை பிடிக்கிற வரிக்கு மேலே, போனுக்கு வந்த செய்தி ஒன்று கீழே இறங்கி, அப்படியே ஸ்கிரீன்ஷாட்டில் விழுந்திருந்தது.

'வீடு: வரும்போது கொத்தமல்லி, அரை மூடி தேங்கா. உங்க அத்த போன் பண்ணிச்சு, கோவமா இருக்கு.'

முதலில் எனக்குத் திருடன் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. பாவம், அவனுக்கும் வீடு இருக்கிறது, அவனுக்கும் கோவக்கார அத்தை இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அரை மூடி தேங்காயில் வந்து நின்றுவிட்டேன். முழுத் தேங்காய் வாங்கினால் மீதி கெட்டுப்போகிறது என்று பக்கத்துக் கடையில் உடைத்து அரை மூடி வாங்குகிற வீடு இந்த ஊரில் எத்தனை இருக்கும்? என் போனை எடுத்து, முந்தின நாள் காலை அவருக்கு நான் என்ன அனுப்பியிருக்கிறேன் என்று பார்த்தேன்.

அதே கொத்தமல்லி, அதே அரை மூடி. ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். திருடன் என் வீட்டுக்காரர் என்பதனால் இல்லை. அம்மனிடம் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்பதனால். வாசப்படிப் பக்கமே வரக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். அதுவும் இரண்டு தடவை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் வருகிற நேரம் வந்தது. அவர் வரவில்லை. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அவர் போன் எந்தக் காலத்தில் சார்ஜோடு இருந்தது? அந்தச் சிவப்பு பேட்டரியைப் பார்த்த உடனேயே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். சோற்றை மூடி வைத்தேன். ரோட்டில் பாம்பு குறுக்கே போயிருக்கும், டிரைவர் பிரேக் போட்டிருப்பார், படியில் நின்ற இவர் கரிசல் காட்டில் விழுந்திருப்பார், அங்கே ஒரு கல்லுக்கு அடியில் தேள் இருந்திருக்கும். தொடர்கதை எழுதுகிறவளுக்கு இதெல்லாம் தானாக வரும். அத்தியாயக் கடைசியில் யாராவது விழ வேண்டும் என்று பழகிப்போன புத்தி. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பாதித் தெரு போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பஸ் வந்துகொண்டிருந்தது. பஞ்சர், அதனால்தான் தாமதம். முன்படியில் என் வீட்டுக்காரர், கை கால் எல்லாம் முழுசாக, விசில் ஊதிக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னட்டி இங்கன வந்து நிக்க? யாருக்கும் ஒடம்பு முடியலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பூக்கூடையோடு இறங்கின ஒரு அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். "கண்டக்டரே, நாளைக்குக் கதை வந்துருமில்லா? அந்தப் பய கைய மட்டும் பிடிச்சிட்டு நின்னுட்டான்."

"வரும்க்கா, கரெக்டா வந்துரும்" என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் பார்த்த பார்வையில் விசில் கையிலிருந்து விழுந்தது.

டீக்கடை ஓரமாக நின்று பேசினோம். பஸ் எப்போது வரும், எங்கே நிற்கிறது என்று வழக்கமாக வருகிற ஆட்களுக்குச் சொல்வதற்காக அவர் ஒரு குரூப் வைத்திருந்தார். பஸ் கிளம்பியாச்சு என்ற செய்திக்குக் கீழே என் கதையைப் போட்டுவந்திருக்கிறார். அங்கிருந்து அது சம்பந்தி, மைனி என்று கை மாறி என் அடுப்படிக்கே வந்துவிட்டது.

"நான் சும்மா எடுக்கலட்டி. காசு குடுத்து நாணயம் வாங்கித்தான் தொறக்கேன். ரோஜாப்பூவும் போடுதேன்."

கடையநல்லூர் மாடி வீடு, துபாய்க்காரர், பெரிய ஹால் எல்லாம் அந்த டீக்கடை வாசலிலேயே இடிந்து விழுந்தது.

"ரோஜா நீங்களா?"

"உன்கிட்ட எப்படிக் கேட்டுப் படிக்க? ஒரு மாதிரி இருந்துச்சு. உன் போன்ல அந்தப் பேரப் பாத்து வச்சுக்கிட்டேன்." அவர் காக்கிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "நல்லா எழுதுத. நாலு பேரு படிக்கட்டும்னு போட்டேன். வெளம்பரம்தான?"

சந்தோஷப்படவா, அழவா என்று தெரியவில்லை. அழுவதற்கு முன்னால் கணக்குதான் ஓடியது. இவர் சம்பளத்திலிருந்து நாணயத்துக்குக் கொடுக்கிற காசு பெங்களூர் போகிறது. அங்கே பெரிய பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் வருமானம் என்று எனக்கே அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டுக் காசு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு இளைத்துப்போய் வீட்டுக்கே திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை எண்ணிப் பார்த்து நான் ஒவ்வொரு மாதமும் அவருக்குக் கேசரி கிண்டிக் கொடுத்திருக்கிறேன்.

பூட்டு போகப்போகிற விஷயத்தைச் சொன்னேன். மாதக் கடைசி, ரிவ்யூ, பிளவுஸ் மூட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. "ஒருத்தன் பேப்பர் வாங்குனா பஸ்ஸு பூராம்தான் படிக்கான். பேப்பர்க்காரன் வந்து அழுதானா?"

"உங்க பஸ்ஸுல ஒருத்தன் ஒரே ஒரு டிக்கெட் எடுத்துட்டு, ஊரையே கூட்டிட்டு ஏறுனா விடுவீயளா?"

இளையரசனேந்தல் பக்கத்து ஆட்டுக்கிடைக்காரர் ஒருவர் ஆட்டுக்குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, குட்டி கத்தியது என்று அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டவர் அவர். டிக்கெட் என்று சொன்னால்தான் அவருக்கு உலகம் விளங்கும்.

"அடப்பாவி" என்றார், தன்னைத்தான். "உன் பஸ்ஸுல நானேதான் ஓசி ஏத்தி விட்டிருக்கேன்."

அன்று சாயந்திரம் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். அதை எனக்குக் காட்டி, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். 'கதையின் முடிவு இனி இங்கே வராது. செயலியில் டிக்கெட் எடுத்துப் படிக்கவும். இப்படிக்கு, கண்டக்டர்.'

அடுத்த நாள் பஸ்ஸில் கலவரம் என்று அவரே வந்து சொன்னார். கைப்பிடியில் நிறுத்திவிட்டுக் காசு கேட்டால் என்ன நியாயம் என்று பூக்கூடை அம்மா சண்டைக்கு வந்திருக்கிறாள். மிச்சச் சில்லறையைப் பேசாமல் விட்டுத்தருகிறேன், முடிவை மட்டும் காதில் சொல்லு என்று ஒரு பெரியவர் பேரம் பேசியிருக்கிறார். இவர் அசையவில்லை. ஒவ்வொரு சீட்டாக நின்று, போனை வாங்கி, செயலியை இறக்கி, பூட்டு எங்கே இருக்கிறது, நாணயம் எப்படி வாங்குவது, காசில்லாவிட்டால் எண்ணெய் விளம்பரத்தை எங்கே அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். "பின்னாடி சீட்டு, கதைக்கு யாரும்மா டிக்கெட் எடுக்கல?" என்று குரல் கொடுத்ததாகவும் கேள்வி. கடைசியில், எழுதுகிறது என் வீட்டம்மா என்றும் சொல்லிவிட்டார். புனைபெயர் திருவேங்கடம் போய்ச் சேர்வதற்குள் கிழிந்துவிட்டது.

சாயந்திரம் மைனி வந்து வாசலில் நின்றாள். நான் என்னென்னவோ எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

"ஏட்டி, நீதானாமே?"

"ஆமா மைனி."

"வேலவெட்டி இல்லாதவன்னு சொன்னதை மனசுல வைக்காத." ஒரு படி ஏறிக் கிட்ட வந்தாள். "அந்த மாமியார்க்காரி கடைசியில திருந்திருவாளா? திருந்த விடாதட்டி. நான் காசு கட்டி வாசிக்கப் போறேன், பாத்துக்கோ."

எனக்கு அடுத்த கவலை தேள். வெள்ளிக்கிழமை தகடு அண்ணாச்சியிடம் போனேன். "போன செவ்வாக்கிழம ஒரு தேள் வாங்குனேன். அதத் திரும்ப எடுக்க முடியுமா?"

"உண்டியல்ல போட்டதையா? அது என்ன பேங்க்கா, செக்கு நிறுத்தி வைக்க?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஏன், ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு. நம்ம ஆள்தான்."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஆண் உருவத் தகடு ஒன்றைப் பொறுக்கி எடுத்துத் துணியால் துடைத்தார். "இதப் போட்டுருங்க. எப்பவும் தேள் வாங்குறவங்கள்ல பாதிப் பேரு அடுத்த வாரம் இதுக்கு வந்துருவாங்க." எனக்குப் பதற்றம் அடங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கிப் போட்டேன். கோயில் புற்று மண் எடுத்து வந்து வீட்டுக்காரர் நெற்றியில் பூசினேன். எதற்கு என்று கேட்டார். சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அதான் பஞ்சராச்சு" என்றார்.

மாதக் கடைசியில் ஆபீஸ் பெண் பேசினாள். போனை எடுப்பதற்கு முன்னால் மூலையில் கிடந்த பிளவுஸ் மூட்டையை ஒருதடவை பார்த்துக்கொண்டேன்.

"மேடம், லாக் கன்டினியூ ஆகுது. நூலிழைலதான். ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க ஏரியால திடீர்னு நிறைய டவுன்லோட் காட்டுது. ஏதாவது விளம்பரம் பண்ணுனீங்களா?"

"ஆமா. டவுன் பஸ்ல."

"பஸ் பின்பக்கத்துலயா மேடம்? அதுக்கு ரொம்பச் செலவாகுமே."

"இல்லம்மா. உள்ள."

அடுத்த மாதம் என்னவாகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டரே கதை எழுத ஆரம்பித்துவிட்டது என்று வேறு போகிற போக்கில் சொன்னாள். அதற்கு என்ன தகடு போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூட்டையை முழுசாக விடவில்லை. மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை ஒரு விடியற்காலையில் ஏற்றினேன். மாமியார் திருந்தவில்லை. கதாநாயகி கதவைத் திறந்து "நீயா?" என்று கேட்கவும் இல்லை. பால் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் போன் டிங் என்றது. முதல் பூட்டுத் திறந்திருந்தது. கூடவே ரோஜா.

வாசலில் அவர் வேலைக்குப் போகும் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தட்டிப் பார்க்காமல் அவர் காலை உள்ளே விடுவதில்லை.

"நானே சும்மா அனுப்பித் தாரேன்னு சொன்னேன்ல? எதுக்குக் காசு குடுக்கீய? பாதிக்கு மேல அவங்களுக்குல்லா போகுது."

"எங்க பஸ்ஸுல முதலாளி சம்சாரத்துக்கே டிக்கெட் உண்டு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஷூவைத் தட்டினார்.

"சரி, போன்ல சார்ஜ் இருக்கா பாருங்க."

எடுத்துப் பார்த்தார். சிவப்பில் இருந்தது.